‘நிக்குது’ என்றொரு ஹேஷ்டேக்

அந்த ஜங்ஷனில் அவளுக்குப் பெயர் மைக் அக்கா. சுமை தூக்குகிறவர்கள் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் யாருமில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் அவள் சொல்ல ஆரம்பித்தால், மூட்டை முடிச்சோடு ஓடுகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று காது கொடுப்பார்கள். வண்டி ரத்து என்பதையே, வீட்டு மனுஷி ஒருத்தி ‘பரவாயில்ல, உக்காரு’ என்று சொல்வதுபோலச் சொல்லத் தெரிந்தவள்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்குக் குரல் பாதிக்கலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அந்தச் ‘சிலரில்’ நாம் இருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டுதானே எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்? கட்டி நல்லபடியாகப் போயிற்று. கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. கூடவே குரலும் போயிற்று. மிஞ்சியது வெறும் காற்று. ஊதுகுழலில் அடுப்பு ஊதுவதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் தம் கட்டினால் இருமல் வந்தது. குரல் பயிற்சி கொடுத்த அம்மா, “அவசரப்படாதீங்க, வரும்” என்றாள். மைக் அக்கா அவசரப்படவே இல்லை. குரலும்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். மேலிடத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துகொண்டுதான் பேசுவார். அவளை வேலையைவிட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அறிவிப்பு அறைக்குப் பின்னால் பழைய மின்விசிறிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்து, ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தார்.

“நம்ம ஸ்டேஷனுக்குக் குறும்பதிவு கணக்கு ஒண்ணு இருக்கு இல்லியாம்மா, அத நீங்க பாத்துக்கங்க. நாலு வரி எழுதிப் போட்டா போதும். மேல ‘ரீச்’ எங்கன்னு கேக்கறாங்க. எனக்கு அப்படின்னா என்னன்னே தெரியல.”

அதுவரை அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா தினமும் ஒரு பூப் படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் மனைவி மட்டும் தவறாமல் விருப்பக்குறி போட்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய பழைய மைக் தெரிந்தது. இப்போது அதற்கு முன்னால் யாரும் இல்லை. பதிவு செய்யப்பட்ட ஒரு குரல், ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் தனித்தனியாக வெட்டி ஒட்டியதுபோல, எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் நிலைமை இன்னும் சங்கடம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்து செய்து உரக்கப் பேசியே பழகிப் போனவர். நல்லவர், வாய் ஓயாதவர். அவள் ஏதாவது சொன்னால், “ஆங்?” என்று குனிவார். மறுபடி சொன்னால், “என்னம்மா?” என்று காதை அவள் வாயருகே கொண்டுவருவார். மூன்றாவது தடவை, “ஒண்ணுமில்ல” என்று கையை ஆட்டிவிட்டு அவள் எழுந்து போய்விடுவாள். சுற்றுலா வழிகாட்டிகள் இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார். சமையலறையில் நின்றுகொண்டு, “உப்பு எங்கே?” என்று அதில் கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, “எங்க வீட்ல இருக்கு, தரவா?” என்றாள். அன்றோடு அது அலமாரிக்குள் போனது. மெல்ல மெல்ல அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். தலையசைப்பு, கைத்தட்டல், கதவைத் தட்டுவது. ஒரு குடும்பம் அதிலேயே ஓடிவிடும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உதவிக்கு வந்தவன் அவள் தம்பி. விளம்பர நிறுவனத்தில் வேலை. வீடியோவில் கூப்பிட்டால் பத்து விரலும் பேசும்.

“அக்கா, சும்மா எழுதிப் போட்டா கடல்ல பெருங்காயம் கரைச்ச மாதிரி. அதுக்குன்னு நிறைய டூல்ஸ் இருக்கு, ஆன்லைன்லயே. இது பாரு, நேரம் குறிச்சு வெச்சா அதுவே பதிவு போட்டுரும், நீ தூங்கலாம். இன்னொண்ணு, இப்ப எந்த ஹேஷ்டேக் ஓடுதுன்னு காட்டும். ஓடற டேக்க நம்ம பதிவுல ஒட்டிடணும். ஓடற வண்டில தொத்திக்கற மாதிரி. உனக்குத் தெரியாததா?”

“ஓடற வண்டில ஏறக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தான்டா எனக்குத் தொண்டையே போச்சு,” என்றாள் அவள். அவனுக்குக் கேட்கவில்லை. “ஆங்?” என்றான். தலையசைத்தாள்.

மறுநாள் அந்தக் கருவியைத் திறந்து பார்த்தாள். ஒரு நடிகரின் பிறந்தநாள் ஹேஷ்டேக் உச்சத்தில் இருந்தது. அவள் எழுதியது: ‘இரண்டாம் நடைமேடையில் குடிநீர்க் குழாய் பழுது. மாலைக்குள் சரிசெய்யப்படும்.’ அதன் வாலில் அந்தப் பிறந்தநாள் டேக்கை ஒட்டினாள்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரை கொந்தளித்துக்கொண்டிருந்தது. ‘எங்க தலைவர் பிறந்தநாள்ல தண்ணி இல்லையா?’ ‘இது சதி.’ ‘ரெண்டாம் பிளாட்பாரத்தில் தலைவர் ரசிகர் மன்றம் சார்பில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கப்படும்.’ சொன்னபடியே தலைவர் படம் பதித்த பனியன் போட்ட ஒரு கூட்டம் கேன் கேனாகத் தண்ணீரோடு வந்து இறங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ரீச் கேட்டேன், வாஸ்தவம்தான். அதுக்காக இவ்வளவு ரீச்சாம்மா?”

அன்று வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் அடுத்த சங்கதி சிரிப்பாக இல்லை. மாலை நேரத்து வண்டிகளுக்கெல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்துப் பதிவுகளை எழுதி வைத்திருந்தாள். ‘மாலை விரைவு வண்டி சரியான நேரத்தில் புறப்படுகிறது’ என்று கருவி தானாகப் பதிவிட்டபோது, அந்த வண்டி இன்ஜின் கோளாறில் நடைமேடையிலேயே கிடந்தது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கேன். புறப்பட்டுட்டேனாம். ரொம்ப சந்தோஷம்.’ அதன் முடிவில் ஒரு ஹேஷ்டேக். #நிக்குது.

அதைத் தொட்டாள். உள்ளே ஒரு பெரிய உலகமே இருந்தது.

ஸ்டேஷனுக்கென்று அதிகாரபூர்வமாக ஒரு ஹேஷ்டேக் உண்டு. பயணிகள், சேவை, மகிழ்ச்சி என்று பெட்டி பெட்டியாகக் கோத்த, சரக்கு வண்டி நீளத்துக்கு ஒன்று. அதை ஸ்டேஷனைத் தவிர யாரும் பயன்படுத்தவில்லை. ஜனங்கள் கூடுகிற இடம் இது. #நிக்குது. வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், காய்கறிக்காரர்கள், எல்லோரும் அங்கே திட்டிக்கொண்டும் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். ‘எங்க நிக்குது?’ ‘பாலத்து மேல நிக்குது.’ ‘நமக்கு வாழ்க்கையே நிக்குது, வண்டிய விடு.’

தம்பி காட்டிய கருவிகளில் ஒன்று திரையைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்டும். ஒரு பத்திக்கு ஒரு டேக். அவள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு #நிக்குது பத்தியை மட்டும் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருடமும் இந்த ஜனங்களிடம் பேசியிருக்கிறாள். அவர்கள் பேசி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

அங்கேதான் முப்பத்திரெண்டைப் பார்த்தாள்.

அது அந்தக் கணக்கின் பெயர். படத்தில் ஒரு பல்செட். சாயங்கால வேளைகளில் அந்தக் கணக்கிலிருந்து ஒரே கேள்விதான் வரும். ‘நம்ம வண்டி எந்த பிளாட்பாரம்? யாராவது சொல்லுங்க ப்ளீஸ். #நிக்குது.’ பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் வண்டி போன பிறகு வரும். ஒருநாள் யாரோ எரிச்சலாகக் கேட்டிருந்தார்: ‘இப்பதான மைக்ல தொண்டை கிழிய சொன்னாங்க. காது இல்லையா?’

முப்பத்திரெண்டு பதில் எழுதியிருந்தது: ‘இல்லை.’

அவ்வளவுதான். கோபக்குறி இல்லை, அழுகிற பொம்மை இல்லை.

மைக் அக்கா அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேடும் கருவியில் அந்தக் கணக்கின் பழைய பதிவுகளை எடுத்தாள். அவளுக்குக் குரல் இருந்த காலத்துப் பதிவுகள். ‘பிளாட்பாரம் மாறிடுச்சு போல. எல்லாரும் ஓடறாங்க. நானும் ஓடினேன். தப்பு வண்டி.’ அன்று மழை. அந்த மாற்றத்தை அறிவித்தது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. தெளிவாக, நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கூட்டத்தில் காது கேட்காத ஒருவர் எல்லோருடைய கால்களையும் பார்த்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

தன் குரல் போனதற்காக மட்டுமே இத்தனை நாளும் அழுதிருந்தாள். அன்று வேறு ஏதோ ஒன்றுக்காகக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள்.

‘நாலாவது பிளாட்பாரம். கடைசிப் பக்கப் படியில் இறங்கினால் கூட்டம் குறைவு. இன்னும் வரல, மெதுவா வாங்க. #நிக்குது.’

பிறகு, ‘யாருங்க இது? ஸ்டேஷனா? நிஜமாவா?’ என்று வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது நம்மளத் திட்டற டேக்கும்மா. நாமளே போய் அதுல நிக்கறதா? மேல பாத்தா என்ன சொல்வாங்க?”

அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: ‘பயணிங்க அங்கதான் சார் இருக்காங்க.’

அவர் காகிதத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நான் பாக்கலன்னு வெச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் வேலையே மாறிப்போனது. தானாகப் பதிவிடும் கருவியில் வண்டி நேரங்களைப் போடுவதை நிறுத்தினாள். லிஃப்ட் பழுது, நாளைய பராமரிப்பு வேலை போன்ற மாறாத செய்திகளை மட்டும் அதற்குக் கொடுத்தாள். யாராவது ‘எந்த பிளாட்பாரம்’ என்று எழுதினாலோ, முப்பத்திரெண்டு எதை எழுதினாலோ மணியடிக்கும்படி ஒரு எச்சரிக்கை அமைத்தாள். கன்ட்ரோல் ரூம்காரரிடம் தொலைபேசியில் பேச முடியாது, அவள் மூச்சு விடுவதைக் கேட்டு அவர், “யாருய்யா ராங் கால்?” என்று வைத்துவிடுவார். அதனால் மாற்றங்களை அவரே அவளுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்ப ஏற்பாடாயிற்று. ஒலிபெருக்கிக் குரல் வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் #நிக்குது டேக்கில் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அரசாங்கத் தமிழை விட்டுவிட்டு வாயில் வருவதுபோலவே எழுதினாள். ‘வருது வருதுன்னு சொல்ல மாட்டேன். ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர் சிக்னல்ல நிக்குது. வந்ததும் சொல்றேன்.’ ஜனங்கள் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். முழுக்க நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்தான் அவளுக்குக் கவலையாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு மழை மாலை வந்தது. காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. வேலை விட்டு வீடு திரும்புகிறவர்களின் வண்டி, ஜங்ஷனைத் தாண்டி வயல்வெளி நடுவே நின்றுவிட்டது. மின்சாரம் போய்விட்டதால் பெட்டிகளில் விளக்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்த ஜனங்கள், அடுத்த ஸ்டேஷன் பக்கம்தானே, நடந்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். #நிக்குது பத்தி வேகவேகமாக நகர்ந்தது.

அப்போது கன்ட்ரோல் ரூமிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பக்கத்துத் தண்டவாளம் நன்றாகத்தான் இருக்கிறது, டீசல் இன்ஜினோடு ஒரு எக்ஸ்பிரஸை அதில் விட்டிருக்கிறோம்.

இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்குவார்கள்? சரிவும் தண்ணீருமாக இருக்கும் இந்தப் பக்கமா, தண்ணீர் நிற்காத தண்டவாளம் இருக்கும் அந்தப் பக்கமா? நின்ற வண்டியின் கார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தார். பின்னால் மழை ஓ என்று இரைந்தது. “இறங்க விடாதீங்க,” என்று அவள் தம் பிடித்துச் சொன்னாள். “ஹலோ? ஹலோ? யாரு?” என்றார் அவர். மறுபடி சொன்னாள். இருமல் வந்தது. இணைப்பு அறுந்தது. ஸ்டேஷன் மாஸ்டரைக் கைத்தட்டிக் கூப்பிட்டு, திரையைக் காட்டினாள். அவர் கார்டையும் கன்ட்ரோல் ரூமையும் மாற்றி மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்.

அவள் எழுதினாள். ‘யாரும் இறங்காதீங்க. பக்கத்து லைன்ல வண்டி வருது. #நிக்குது.’

உடனேயே எச்சரிக்கை மணி அடித்தது. முப்பத்திரெண்டு. ‘இருட்டா இருக்கு. எல்லாரும் எழுந்து கதவுகிட்ட போறாங்க. என்ன பேசறாங்கன்னு தெரியல. வாய் தெரியல. நானும் இறங்கணுமா?’

‘இறங்காதீங்க. நான் சொல்றத செய்வீங்களா?’

‘சொல்லுங்க.’

‘கதவுல போய் நில்லுங்க. இந்த போனை எல்லாருக்கும் காட்டுங்க. வெளிச்சத்தக் கூட்டி வெச்சுக் காட்டுங்க. இதப் படிக்காம யாரையும் தாண்டிப் போக விடாதீங்க.’

அதற்குப் பதில் வரவில்லை.

பெட்டியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அங்கே இருந்தவர்கள் எழுதினார்கள். ஒல்லியான ஒரு பெண், கழுத்தில் பை மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கதவை அடைத்து நின்றாள். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சிலர் படித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். படித்தவர்கள் அடுத்த பெட்டிக்குக் குரல் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், அவள் கைக்கு அடியில் புகுந்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அவர் போனைப் பார்க்கவில்லை. அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “எறங்காத!” அது யாரும் கேட்டுப் பழகாத குரல். எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியாத, கரடுமுரடான குரல். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எக்ஸ்பிரஸ் விளக்கும் காற்றும் மழையுமாகப் பக்கத்தில் அடித்துக்கொண்டு போயிற்று.

பத்தி முழுக்க ஒரே மாதிரி செய்திகள் வந்தன. ‘யாரும் இறங்கல.’ ‘எங்க பெட்டியிலும் யாரும் இறங்கல.’ மைக் அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் மூலையில் மிஞ்சியிருந்த பழைய மின்விசிறி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அறைக் கதவைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் பை. “முப்பத்திரெண்டு,” என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள். அதே குரல். கொஞ்சம் வெட்கத்தோடு, மெதுவாக.

மைக் அக்கா எழுந்து நின்றாள். பழக்க தோஷத்தில் காகிதத்தைத் தேடினாள்.

“எழுத வேண்டாம். பேசுங்க. நான் வாய் பாத்துப் புரிஞ்சுப்பேன்.”

“எனக்குக் குரல் இல்லம்மா,” என்றாள் மைக் அக்கா. வெறும் காற்று.

“எனக்கு அதெல்லாம் தெரியாதே,” என்று அந்தப் பெண் சிரித்தாள். “உங்க வாய் ரொம்பத் தெளிவா இருக்கு. இவ்வளவு தெளிவா யாரும் பேசி நான் பாத்ததில்ல. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சின்ன இடைவெளி. ‘இல்ல’ன்னு சொல்லும்போது அழகா தெரியுது.”

அவள் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். பிளாஸ்டர் அச்செடுத்து, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, கிளினிக்குகளுக்கு ரயிலில் கொண்டுபோய்க் கொடுப்பவள். பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். ஈரப் பஞ்சுக்கு நடுவே யாரோ ஒருவருக்கான சிரிப்பு இருந்தது.

“நேத்து நான் கத்தினேன்,” என்றாள் அவள். “பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன். வெளியில கத்தினதே இல்ல. ரொம்ப மோசமா இருந்திருக்கும், இல்ல?”

“எறங்கப் போனவர் நின்னாரா, இல்லியா?”

“நின்னார்.”

“அப்புறம் என்ன? நான் இத்தனை வருஷம் சொல்லி, ஒருத்தரும் அப்படி டக்குன்னு நின்னதில்ல.”

அப்படித்தான் ஆரம்பித்தது. மைக் அக்கா பேசினாள். யாரும் “ஆங்?” என்று கேட்கவில்லை. காதை வாயருகே கொண்டுவரவில்லை. எதிரே உட்கார்ந்த பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லையும் கீழே விடாமல் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கண்விழித்து ‘தண்ணி’ என்று கேட்டதும் தன் காதுக்கே அது கேட்காமல் போனதைச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைக்கைத் துடைக்கக்கூடத் தான் போவதில்லை என்பதைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். பேசிப் பேசி வாய் வலித்தது.

மாலையில் அவளைக் கூட்டிப்போக வந்த கணவர், கதவுக் கண்ணாடி வழியாக இதைப் பார்த்தார். அவர் மனைவி கைகளை விரித்து, புருவத்தை உயர்த்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இடையிடையே இருவரும் சிரித்தார்கள். கதவின் கைப்பிடியில் கை வைத்தவர், எடுத்துவிட்டார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, “உள்ள போங்க சார்,” என்றதற்கு, “இருக்கட்டும் சார். பேசட்டும்,” என்றார். வாய் ஓயாத அந்த மனிதர் அவர்கள் பேசி முடிக்கும் வரை அங்கேயே காத்திருந்தார்.

அவர் முப்பத்திரெண்டைத் தனியாகப் பிடித்தது சில நாள் கழித்து, நடைமேடையில்.

“தங்கச்சி, ஒரு உதவி. எனக்கும் அந்த வாய் பாக்கறத கத்துக் குடுப்பியா?”

அவள் அவர் மீசையைச் சுட்டிக்காட்டினாள். “கத்துக்கலாம். ஆனா நீங்க பேசறது எனக்குப் புரியணும்னா இத வெட்டணும், மாமா.”

மறுநாள் மீசை பாதியாகியிருந்தது.

பாடம் சுலபமாக இல்லை. சில எழுத்துகள் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும், இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று முப்பத்திரெண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் ஆர்வக்கோளாறில் இடத்தை மறந்துவிடுவார்.

“மருந்து வாங்கணும்,” என்றாள் மனைவி ஒருநாள், சத்தமில்லாமல்.

அவர் அவள் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார். “பருந்தா? எதுக்கும்மா பருந்து? நம்ம வீட்ல எங்க வளர்க்கறது?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவர் தப்பு என்று தெரிந்த பிறகும், அந்தச் சிரிப்புக்காகவே அன்று முழுக்கப் பருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று. காதைக் கொண்டுவந்து குனிவதை நிறுத்திவிட்டார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிப் பார்த்ததில்லை என்று அவள் முப்பத்திரெண்டிடம் சொன்னாள். முப்பத்திரெண்டு அதை மாமாவிடம் போட்டுக் கொடுத்தாள்.

மேலிடம் ஒரு வழியாகக் கவனித்தது. ‘நாங்களும் பார்க்கிறோம்’ என்ற பாவனையில் அந்த நீளமான அதிகாரபூர்வ ஹேஷ்டேக்கைக் கைவிட்டு, #நிக்குது டேக்கில் மற்ற ஸ்டேஷன்களும் பதில் சொல்லலாம் என்று உத்தரவு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் போனை முழுக்க உட்கார்ந்தபடியே பேசி முடித்தார். தம்பி கூப்பிட்டு, “அக்கா, எந்த டூல் யூஸ் பண்ணின? எங்க கம்பெனில கேக்கறாங்க,” என்றான். அவள் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த மாமா வாயைப் பார்த்து மொழிபெயர்த்தார்: “என்ன பேசறாங்கன்னு முதல்ல கேட்டாளாம். அதுக்கு டூல் இருக்கான்னு நீயே பாத்துக்க, மச்சான்.”

குரல் முழுதாக வரவே இல்லை. குளிர் நாட்களில் இன்னும் மோசம். இன்னொரு சிகிச்சை உண்டு, செய்யலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அவள் முதல் நடைமேடைக்கு வந்தாள். அவர் எங்கேயோ லிஃப்ட் வேலையை முடித்துவிட்டு எதிர்ப்புறம், மூன்றாம் நடைமேடையில் வந்து இறங்கியிருந்தார். நடுவே தண்டவாளங்கள், இரண்டு பக்கமும் கூட்டம், மேலே அந்த வெட்டி ஒட்டிய குரல், இன்ஜின் இரைச்சல். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே யாருக்கும் கேட்காத நேரம். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தேடிக் கண்டுபிடித்துக் கையை உயர்த்தினார்.

அவள் அங்கிருந்தபடியே ஏதோ சொன்னாள். சத்தம் போட வேண்டிய அவசியமே இல்லாமல், சாதாரணமாக, வீட்டுக்குள் சொல்வதுபோல.

அவர் முகம் முழுக்கச் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவரும் சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, “புரியல. இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.

புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொன்னாள்.